கேமராவுக்குத் தீர்த்தம் தெளித்த கதை

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் நிறைய யோசிப்பவன் நல்ல பொருளாக வாங்குவான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நிறைய யோசிப்பவன் தாமதமாக வாங்குவான், அவ்வளவுதான். இதை நான் வெளியே சொல்லக் கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் பிரிவில்தான் எனக்குச் சம்பளம். மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்காமல் ஒரு போல்ட் நட்டைக்கூட உள்ளே விட மாட்டேன். (வீட்டுக்குத் துடைப்பம் வாங்குவதும் இதே முறைப்படிதான். என் மனைவியைக் கேட்டால் விரிவாகச் சொல்வாள், உட்காரத் தயாராக வாருங்கள்.)

அப்படிப்பட்டவன் மாதக்கணக்கில் ஆராய்ந்து ஒரு கேமரா வாங்கினேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. லென்ஸோடு மாட்டினால் கழுத்து தானாகவே தரையைப் பார்க்கும். எங்கள் குடும்பத்துக்கு விடுமுறை என்றால் மலையேற்றம்தான். என் மனைவி ரெஜினா, மகள் மெர்லின், ரெஜினாவின் தம்பி ஜெரால்டு, மூவரும் ஆடு போல ஏறிவிடுவார்கள். நான் கேமராவையும் அதன் சொந்தபந்தங்களையும் சுமந்துகொண்டு பின்னால் வருவேன். நான் உச்சியை அடையும்போது அவர்கள் புளிசாதத்தை முடித்துக் கை கழுவியிருப்பார்கள். இதனால் எங்கள் மலை ஆல்பங்கள் முழுக்க முதுகுகள்தான். அழகான முதுகுகள், நல்ல வெளிச்சத்தில் எடுத்தவை. முகம் பார்க்க வேண்டுமென்றால் ஆதார் அட்டையைத்தான் எடுக்க வேண்டும்.

இப்படியே காலம் போயிருக்கும். ஆனால் போன வருஷம் நசரத்பேட்டை பக்கம் மணலில் ஸ்கூட்டர் சறுக்கி, ரெஜினாவின் கால் முறிந்தது. முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அவள் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்தாள். செங்கல்பட்டு தாண்டி ஒரு குன்று இருக்கிறது, உச்சியில் மாதா கெபி, பாறைக் குகை மாதிரி ஒரு சின்னக் கோயில். கால் தேறியதும் யார் கையையும் பிடிக்காமல் அதில் ஏறி வருவதாக நேர்ந்துகொண்டாள்.

ரெஜினாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பிசியோதெரபிக்கு வந்தவர் அவள் காலை மடக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் மடக்குங்க சார், தாங்கும்" என்பாள். பக்கத்தில் நின்று பார்த்த எனக்குத்தான் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். அவளைப் போல ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. இதை அவளிடம் நேரில் சொன்னால் "சரி, காய்கறி வாங்கிட்டு வந்தீங்களா?" என்பாள்.

ஆகவே நானும் ஒன்று தீர்மானித்தேன். அவள் உச்சியில் கால் வைக்கிற அந்த நிமிஷத்து முகத்தை எடுக்க வேண்டும். அதற்கு நான் அவளுக்கு முன்னால் மேலே போய் நிற்க வேண்டும். அதற்கு லேசான கேமரா வேண்டும்.

"செல்போன்லயே எடுக்கலாமேப்பா" என்றாள் மெர்லின். இந்தக் கேள்விக்கு எந்த அப்பாவும் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

ஆராய்ச்சி தொடங்கியது. முதலில் பழைய கேமராவின் எடை தெரிய வேண்டுமே என்று, ஆவடி மார்க்கெட்டில் எங்கள் வழக்கமான வெங்காயக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா சார், கேமராவ எடைக்குப் போடப் போறியா? பழைய இரும்புக் கடை அந்தாண்ட கீது."

பிறகு யூடியூப். உலகத்தில் யாரோ ஒருவர் பனிமலையில் நின்று ஒரு கேமராவைப் புகழ்வார். இன்னொருவர் பாலைவனத்தில் நின்று அதையே திட்டுவார். எங்கள் வெள்ளானூரில் மொட்டை மாடியில் நின்று யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதால் நானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டுமே உள்ளே கண்ணாடி இல்லாத புது ரகம், அதனால் லேசு. ஒன்றில் தண்ணீரும் தூசியும் புகாதபடி மூட்டுக்கு மூட்டு ரப்பர் வைத்திருந்தார்கள். மற்றொன்றில் அது கிடையாது, ஆனால் இன்னும் லேசு. வித்தியாசம் ஒரு கொய்யாப்பழம் அளவு இருக்கும்.

பூந்தமல்லியில் கடைக்குப் போனோம். நான் விற்பனையாளரிடம் நுணுக்கமாக விவாதித்துக்கொண்டிருக்கும்போது ரெஜினா இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். அந்தக் காலோடுதான். வந்து ரப்பர் வைத்ததை மேஜையில் வைத்தாள்.

"இதுதான். கைக்கு அடங்குது, பிடி கெட்டியா இருக்கு. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதாம்."

"வெயில்ல மலை ஏறப் போறோம். தண்ணி எங்கேருந்து வரும்?" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கத் தோன்றுகிறது. கொய்யாப்பழம் லேசானதையே வாங்கினேன்.

எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் கோயிலில் மந்திரிக்காமல் புழக்கத்துக்கு வராது. ஸ்கூட்டர், பீரோ, ஏன் மிக்ஸிகூட ஃபாதரிடம் போய் வந்ததுதான். மலைக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் கேமராவோடு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் மாலை போட்ட ஒரு புது ஷேர் ஆட்டோ. ஃபாதர் அதைச் சுற்றி வந்து, டயர் டயராகத் தீர்த்தம் தெளித்துவிட்டு என்னிடம் வந்தார். இளைஞர். எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்தவர், எதையும் ஆர்வமாகக் கேட்பவர்.

"என்ன இது, இவ்ளோ சின்னதா இருக்கு? நல்லா எடுக்குமா?"

அவர் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். ஆனால் மாதக்கணக்கில் படித்ததை யாரிடம் கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்தவன் நான்.

"பழைய கேமராவுல உள்ள ஒரு கண்ணாடி இருக்கும் ஃபாதர். அதான் கனம். இதுல அது கிடையாது. பாக்குறீங்களா?" என்று லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாயைத் திறந்து அவர் முன்னால் நீட்டினேன்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "அடடே" என்றார். பிறகு கண்ணை மூடினார். ஜெபம் தொடங்கிவிட்டது. ஜெபத்தின் நடுவில் லென்ஸை மாட்டினால் அந்தத் திருகுச் சத்தம் மரியாதையாக இருக்காதே என்று, நான் அப்படியே பிச்சைப் பாத்திரம் ஏந்தியதுபோல நின்றேன். ரெஜினா முழங்கையால் இடித்தாள். நான் பக்தியில் இடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே…"

ஷேர் ஆட்டோவுக்கு வீசிய அதே கை. அதே வேகம். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். நானும் "ஆமென்" என்றேன், வேறு என்ன சொல்வது? ஃபாதர் மேல் ஒரு தப்பும் இல்லை. தண்ணீர் தெளிக்கிற இடத்தில் வாயைத் திறந்து நின்றது நான்.

வீட்டுக்கு வந்ததும் கேமராவைக் கவிழ்த்து, வெயிலில் வைத்து, விசிறி, என்னென்னவோ செய்தேன். ரப்பர் வைத்த கேமராவாக இருந்தாலும் திறந்து காட்டினால் நனையத்தானே செய்யும் என்று வாதாடினேன். "அதை வாங்கியிருந்தா லேசு லேசுன்னு பீத்திக்கிட்டுத் திறந்து காட்டியிருக்கவே மாட்டீங்க" என்றாள் ரெஜினா. நான் மறுபடி விசிறத் தொடங்கினேன்.

சாயங்காலம் ஹாலில் மெர்லினை ஒரு படம் எடுத்தேன். பளிச்சென்று வந்தது. மாதா காப்பாற்றினாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். (வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு என்று லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்திருந்தேன். அப்படி எடுத்தால் உள்ளே இருக்கும் கறை படத்தில் தெரியாது. வெயிலில் துவாரத்தைச் சுருக்கினால்தான் தெரியும். அவ்வளவு யூடியூப் பார்த்தவனுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.)

குன்று. காலை வெயில். ரெஜினா அடிவாரத்தில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினாள். ஜெரால்டும் மெர்லினும் இரண்டு பக்கமும் கூடவே போனார்கள், ஆனால் தொடக் கூடாது என்று கட்டளை. நான் அவர்களைத் தாண்டி விறுவிறுவென்று மேலே போனேன். கழுத்தில் ஏதோ தொங்குகிறது என்ற நினைப்பே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மலை உச்சிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் கூட்டம் நான் இளைத்த இளைப்பைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தது.

கீழே அவள் வருவது தெரிந்தது. ஒவ்வொரு படியாக. நல்ல காலை வைத்து, பிளேட் வைத்த காலை இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி. முகம் சிவந்து, நெற்றியில் முடி ஒட்டி, உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். படத்தை மூன்றாகப் பிரித்து ஆளை இடது மேல் மூலைப் பக்கம் வைத்தால் அழகு என்று படித்திருந்தேன். அந்த விதியை ஒரு மயிரிழை பிசகாமல் கடைப்பிடித்து, எடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசிப் படியில் அவள் கால் வைத்துக் கையைத் தூக்கிச் சிரித்தாள். அதையும் எடுத்தேன்.

பிறகு திரையைப் பார்த்தேன். மெர்லினும் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அம்மா மூஞ்சி எங்கப்பா?"

எல்லாப் படத்திலும் வானம் இருந்தது, பாறை இருந்தது, படி இருந்தது. ரெஜினாவின் கழுத்துக்கு மேலே மட்டும் ஒரு சாம்பல் நிற வட்டம். தீர்த்தத்தில் உப்பு சேர்ப்பார்கள் அல்லவா, அந்தச் சொட்டு உள்ளே காய்ந்து கறையாகியிருந்தது. நான் கற்ற ஒரே விதி சொன்ன இடத்தில்தான் அந்தச் சொட்டும் விழுந்திருந்தது.

ஜெரால்டு கேமராவை வாங்கிப் பார்த்தான். "இன்னா மாமா, நியூஸ்ல கொலகாரன் மூஞ்ச மறைக்கிற மாதிரி அக்கா மூஞ்ச மறைச்சி வச்சிக்கீற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு வருஷம் வலித்து வலித்து வந்து சேர்ந்த நிமிஷம் அது. ஒரு கொய்யாப்பழத்துக்கு ஆசைப்பட்டு, கொஞ்சம் பெருமைக்கும் ஆசைப்பட்டு, அதைத் தொலைத்துவிட்டேன். "மன்னிச்சிடு ரெஜி" என்றேன்.

அவள் கெபிக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, முழு ஜெபமும் முடித்து, நிதானமாக வந்தாள். திரையைப் பார்த்தாள்.

"கறை எந்தப் பக்கம்?"

"இடது பக்கம், மேல."

"அப்ப என்னை வலது பக்கம் வச்சு எடுங்க. நான் இறங்கி ஏர்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா? சும்மா இங்கேயே நில்லு, எடுத்துக்கலாம்."

"சும்மா நிக்கிற போட்டோ வீட்லயே எடுக்கலாம். ஏறி வர்ற மூஞ்சி வேணும்னுதானே இத்தனை மாசமா அந்த வீடியோவைப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்க?"

சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கத் தொடங்கினாள். ஜெரால்டு பதறிக்கொண்டு பின்னால் ஓடினான். ஜெபமாலைக் கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாம்மா, மேல வந்துட்டு மறுபடி எறங்குற? கீழ எதனா உட்டுட்டியா?"

"ஒண்ணும் இல்லக்கா. போட்டோ சரியா வரல" என்றாள் ரெஜினா, கடைவீதியில் சில்லறை மாற்றப் போகிறவள் மாதிரி.

படி திரும்புகிற வளைவு வரைக்கும் இறங்கினாள். அங்கிருந்து திரும்பி ஏறினாள். இந்த முறை அந்தப் பெண்கள் எல்லோரும் படியோரம் வந்து நின்று "ஏறும்மா, ஏறு, ஏறு" என்று கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலியும் சிரிப்புமாக ஏறி வந்த அந்த முகத்தை வலது பக்கம் வைத்து எடுத்தேன். கண் முழுக்கத் தண்ணீர். சரியாகப் பார்த்து எடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கேமரா தானாகவே முகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அதற்காக அதை மன்னித்துவிட்டேன்.

அந்தப் படம்தான் எங்கள் ஹாலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வலது பக்கம் ரெஜினா, தெளிவாக, வாய் நிறையச் சிரிப்போடு. இடது பக்கம் துணைக்கு ஏறி வந்த ஜெரால்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் வட்டத்தோடு. வருகிறவர்கள் எல்லாம் "அது யாரு, போலீஸ் தேடுற ஆளா?" என்று கேட்கிறார்கள். அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான். கேமராவை அப்புறம் சர்வீஸில் கொடுத்துத் துடைத்தாகிவிட்டது. மெர்லினுக்குப் பரீட்சையில் மார்க் குறைந்தால் இப்போது அழுவதில்லை. "இறங்கி ஏர்றேம்மா" என்கிறாள்.

போன வாரம் ரெஜினாவோடு வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். படத்தைப் பார்த்துவிட்டு, "கால்ல பிளேட் வச்சப்புறம் இந்த மலைய ஏறினீங்களா?" என்று வாய் பிளந்தார்.

"ரெண்டு வாட்டி" என்றாள் ரெஜினா, காபியை நீட்டிக்கொண்டே. "ஒண்ணு மாதாவுக்கு. ஒண்ணு இவருக்கு."