காதால் மார்க் போடுகிறவர்

கேட்பதற்காகக் காது வைத்திருப்பவர்கள் உண்டு. மார்க் போடுவதற்காகக் காது வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டாம் வகையை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். அவரிடம் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள். 'கூரை பற்றி எரிகிறது, வெளியே ஓடி வாருங்கள்' என்றே சொல்லுங்கள். தலையைக் கொஞ்சம் சாய்ப்பார், ஒரு கண்ணைச் சுருக்குவார், உதட்டோரத்தில் பல்வலிக்காரரைப் போல ஒரு சுளிப்பு ஓடும். கூரையைப் பார்க்க மாட்டார். உங்கள் நாக்கைப் பார்ப்பார்.

விருத்தாசலத்துக்கு வாய்த்தவர் கிரிதர். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையாகப் பதினான்கு மாதம் லண்டன் பக்கம் குராய்டனில் இருந்தவர். இப்போது வீட்டு மாடியில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறவர். அந்தப் பதினான்கு மாதத்தில் அவர் அதிகம் பேசியது கூட இருந்த நெல்லூர்க்காரரோடு, தெலுங்கு கலந்த தமிழில். அதற்கு அடுத்தபடியாக, கடையில் நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரத்தோடு. அந்த இயந்திரம் ஒருநாளும் அவரை 'என்ன சொன்னீர்கள், இன்னொரு முறை சொல்லுங்கள்' என்று கேட்டதில்லை. தன் உச்சரிப்பு இங்கிலாந்தில் எடுபட்டுவிட்டது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

ஊர் திரும்பியதிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. ஜங்ஷனில் ரயில் அறிவிப்பு வந்தால் ஒவ்வொரு சொல்லையும் திருத்தி முணுமுணுத்துக்கொண்டே நிற்பார். திருத்தி முடிப்பதற்குள் அவர் போகவேண்டிய வண்டி அடுத்த பிளாட்பாரத்திலிருந்து புறப்பட்டுப் போய்விடும். கிரிக்கெட் பார்ப்பார், ஸ்கோர் தெரியாது. ஆட்டம் முடிந்ததும் பரிசு வாங்குகிறவர்கள் பேசுவார்களே, அதற்காகப் பார்ப்பார். யாருக்கு எத்தனை மார்க் என்பது மட்டும் மனப்பாடம். ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிந்து டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். மனைவி ஸ்ரீரஞ்சனி வாசலிலேயே நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னாருங்க?"

"அவர் கொலஸ்ட்ரால்னு சொன்ன விதம் இருக்கே! தலையில அடிச்சிக்கணும். இவருக்கெல்லாம் யார் சர்ட்டிபிகேட் கொடுத்தது?"

"அது கெடக்கட்டும். கொலஸ்ட்ரால் இருக்குதா, இல்லியா?"

கிரிதர் யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். கடைசியில் ஸ்ரீரஞ்சனிதான் டாக்டருக்குப் போன் போட்டாள். இருந்தது.

ஆனால் ஒன்று, அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. புதுச்சேரியிலிருந்து கோயில் பார்க்க வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், கோபுர வாசலில் பூ விற்கிற அறுபது வயது அம்மாவிடம் "நீ பூ குடு" என்று கேட்டபோது கிரிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டீங்களா? என்ன அழகு! எங்கேருந்தோ வந்து நம்ம பாஷையைப் பேசறாரு பாருங்க!" நூற்றுக்கு நூறு. அன்றைக்கு மாலையே, பைக் மெக்கானிக் இங்கிலீஷில் ஏதோ சொல்லப்போக, ஏழு மார்க் போட்டு அனுப்பினார்.

இப்படிப்பட்டவர் ஊரோடு இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். தங்கதுரையைக் கேளுங்கள்.

தங்கதுரை பீங்கான்காரர். செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கொட்டகை, ஏழு ஆட்கள். தோட்டத்து மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணம் செய்கிறார். வட இங்கிலாந்தில் தோட்டச் சாமான் கடை வைத்திருக்கும் எலன் என்கிற அம்மாள் அதை இணையத்தில் பார்த்து வீடியோவில் கூப்பிட்டபோது, தங்கதுரை தாமே பேசினார். "மேடம், திஸ் பவுல் ஸ்ட்ராங். ஃபால், நோ பிரேக். ஐ த்ரோ, யூ சீ." சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கி மண்தரையில் போட்டார். உடையவில்லை. அந்தம்மாள் கைதட்டி, அங்கேயே நானூறு கிண்ணத்துக்கு ஆர்டர் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, வீட்டுக்கு ஊறுகாய் ஜாடி வாங்க வந்திருந்த கிரிதர் பின்னால் நின்றிருந்தார். கிண்ணம் விழுந்தபோது அசையாதவர், வாக்கியம் விழுந்தபோது துடித்துப்போனார்.

"தங்கதுரை, தப்பா நெனைக்காதீங்க. இப்படிப் பேசினா அவங்க நம்மளைப் பத்தி என்ன நெனைப்பாங்க? வெளியில சிரிப்பாங்க, உள்ளுக்குள்ள அருவருப்பா இருக்கும். அவங்க காது வேற மாதிரி. நான் அங்க இருந்தவன், எனக்குத் தெரியும்."

"ஆர்டரு குடுத்துட்டாங்களே சார்?"

"அடுத்த ஆர்டர்?"

தங்கதுரை அதுவரை யாரிடமும் பேசப் பயந்ததில்லை. அன்றிலிருந்து பயந்தார். எலன் கூப்பிட்டால் போனைச் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போய் நிற்பார். மாதிரிக் கிண்ணம் போய்ச் சேர்ந்தது. சில மாற்றங்கள் சொல்லவேண்டும், கிண்ணத்தைக் காட்டித்தான் சொல்ல முடியும், அவசியம் பேசவேண்டும் என்று அந்தம்மாள் எழுதினார். தங்கதுரை கிரிதர் வீட்டுப் படியேறினார்.

"நீங்களே பேசிக் குடுங்க சார். நான் பேசனா காரியம் கெட்டுப்போயிடும்."

கிரிதருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஊர்க்காரரின் பேச்சு முழுவதும் காதில் ஏறியது.

புதன்கிழமை மதியம் இரண்டு மணி. கொட்டகையில் நானூறு கிண்ணமும் ஈரத்துணிக்கு அடியில் காத்திருக்கின்றன. பச்சை மண்ணாக இருக்கும்போதுதான் கயிறு கோக்கத் துளை போட முடியும். காய்ந்தால் கம்பி பட்ட இடம் விண்டுபோகும். இன்றைக்குத் துளை போட்டால் வெள்ளிக்கிழமை பொதுச் சூளையில் தங்கதுரையின் முறைக்கு ஏற்றலாம். விட்டால் அடுத்த முறை பதினைந்து நாள் கழித்து, அதற்குள் கப்பல் போய்விடும், ஆர்டரும் போய்விடும். எத்தனை துளை, எங்கெங்கே பளபளப்பு மெருகு பூசுவது? இரண்டே விஷயம்தான் அந்தம்மாளிடமிருந்து தெரியவேண்டும். துணியை நனைத்து நனைத்துப் போர்த்திக்கொண்டே விமலாராணி கம்பியோடு நின்றாள். துளை போடுகிற கை அவளுடையது.

கிரிதர் கோட் போட்டு வந்திருந்தார். மே மாதம்.

எலன் திரையில் தோன்றி நான்கு சொல் பேசியதும் கிரிதரின் முகத்தில் ஒரு பரவசம். தலை சாய்ந்தது. கண் மூடியது. "நியூகாசில்!" என்றார், பேச்சை வைத்தே ஊரைப் பிடித்துவிட்டவராக. அந்தம்மாள், இல்லை, சண்டர்லாந்து என்றார். கிரிதர் அவருக்கு நியூகாசில் பேச்சுக்கும் சண்டர்லாந்து பேச்சுக்கும் உள்ள ஒற்றுமை பற்றி எட்டு நிமிடம் சொன்னார். பிறந்ததிலிருந்து சண்டர்லாந்தில் வசிக்கும் எலன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நடுநடுவே கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். கிரிதர் தலையாட்டினார். கச்சேரியில் தாளம் போடுகிற தலையாட்டல் அது.

பிறகுதான் அது நடந்தது. வெள்ளைக்காரர்கள் நம்மோடு பேசும்போது, பாவம், நல்லெண்ணத்தில் இரண்டு காரியம் செய்வார்கள்: வேகத்தைக் குறைப்பார்கள், சத்தத்தைக் கூட்டுவார்கள். எலன் இரண்டையும் செய்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, புன்னகையோடு சொன்னார்: உங்கள் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறதே, எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

கிரிதர் கண்ணைத் திறந்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களிடம் யாராவது வந்து 'தமிழ் நல்லா பேசறீங்களே, எங்கே கத்துக்கிட்டீங்க?' என்று கேட்பார்களா? யாரிடம் கேட்பார்கள்? பூக்கடை முன்னால் நின்ற பிரெஞ்சுக்காரரிடம் கேட்பார்கள். பதினான்கு மாதம், ஒரு கோட், ஒரு கண்சுருக்கல், ஊருக்கெல்லாம் போட்ட மார்க், எல்லாம் சேர்ந்து அந்தப் பாராட்டின்கீழ் நசுங்கின. மீதி இருந்த பத்து நிமிடமும் கிரிதர் தான் பாராட்டப்பட வேண்டியவர் அல்ல என்று நிரூபிக்கப் பாடுபட்டார். நாக்கை மடித்தார், மூக்கால் இழுத்தார், தோளைக் குலுக்கினார். எலனின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கடிகாரத்தைக் காட்டிக் கையசைத்துவிட்டு அவர் மறைந்தார்.

பயந்து வெளியே நின்றிருந்த தங்கதுரை ஓடி வந்தார். "என்ன சார் சொன்னாங்க?"

"சண்டர்லாந்து" என்றார் கிரிதர்.

"ஊரு கெடக்குது சார். தொளை எத்தினி?"

கிரிதரின் வாய் திறந்தது. அவருக்கு எலனின் ஒவ்வொரு எழுத்தின் ஓசையும் ஞாபகம் இருந்தது. எங்கே ஏற்றினார், எங்கே விழுங்கினார் என்று பாடிக் காட்டியிருப்பார். எலன் என்ன சொன்னார் என்பதுதான் ஞாபகம் இல்லை. கொலஸ்ட்ராலைத் தேடிய அதே இடத்தில் துளையையும் தேடினார்.

"அது... எனக்கு நல்லா இங்கிலீஷ் வருதுன்னு சொன்னாங்க" என்றார், அழாத குறையாக.

"அதான் ஊருக்கே தெரியுமே சார்!" என்ற தங்கதுரை, அவரைத் தேற்றுகிறோம் என்று நினைத்து முதுகில் வேறு தட்டினார்.

விமலாராணி துணியைத் தூக்கி ஒரு கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். "அண்ணே, வெளிம்பு வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் அரை மணி தாங்காது. நீயே கூப்புடு."

"நானா? சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சா சிரிக்கட்டும். சிரிச்சிக்கினே எத்தினின்னு சொல்லிட்டுப் போவட்டும்."

தங்கதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார், போனில் பேசப் போகிறவர் அல்ல, வாய்க்கால் தாண்டப் போகிறவர் போல. கூப்பிட்டார். எலன் பேருந்தில் இருந்தார். தங்கதுரை ஈரக் கிண்ணத்தைத் திரைக்கு முன்னால் பிடித்தார். "மேடம். ஹோல். டூ? த்ரீ? டெல் ஃபாஸ்ட். க்ளே டிரை, ஐ ஃபினிஷ்." இரண்டு விரல் காட்டினார், மூன்று விரல் காட்டினார். மூன்று, மூன்று என்று கத்தினார் எலன். இரண்டு துளை என்றால் புறா உட்கார்ந்ததும் கிண்ணம் சாய்ந்துவிடுகிறது. விளிம்பில் மெருகு வேண்டாம், கால் வழுக்கும். இதைத்தானே அந்தக் கோட் போட்டவரிடம் ஐந்து தரம் சொன்னேன்? அவருக்கு உடம்பு ஒன்றும் இல்லையே?

நாற்பது நொடி. விமலாராணி அதற்குள் ஒன்பதாவது கிண்ணத்தில் இருந்தாள்.

அன்று மாலை கிரிதர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நல்லா பேசனீங்களாமே, தங்கதுரை சொன்னாரு" என்றாள் ஸ்ரீரஞ்சனி. அவர் மாடிக்குப் போய்விட்டார். இரண்டு நாள் யாருக்கும் மார்க் போடவில்லை. மூன்றாம் நாள் ஜங்ஷனில் அறிவிப்பு ஒலித்தபோது, தலை தானாகச் சாய்ந்தது.

சிரித்தாயிற்று அல்லவா? நமக்கென்ன, நாம் அப்படியா என்று எழுந்திருக்கப் போகிறீர்கள். போகலாம். போகும்முன் ஒன்றே ஒன்று: கிண்ணத்தின் விளிம்பில் மெருகு வேண்டும் என்றாரா எலன், வேண்டாம் என்றாரா? மேலே போய்ப் பார்க்கக் கூடாது.

தெரியவில்லையா? பரவாயில்லை. 'ஐ த்ரோ, யூ சீ' மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, இல்லையா?