பூட்டாமல் விட்ட இரண்டு நிமிடம்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காள் வீட்டுக்காரன் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீயும் தங்கச்சியும் நலமென்று நம்புகிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து நாம் வேலை பார்த்த அந்த மருத்துவமனைக் கணினி அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. குளிரில் நீ காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு கீபோர்டைத் தட்டுவாய். அந்த நாள் திரும்ப வராதா என்றிருக்கிறது.

போன் நம்பரைத் தட்டினால் நோயாளி விவரம் சட்டென்று வர வேண்டும் என்று மேனேஜர் நம்பர் வாரியான தேடல் அட்டவணையாகப் புது இன்டெக்ஸ் கேட்டாரே! நான் கம்ப்யூட்டரில் நோயாளி விவரம் இருக்கும் மொத்த டேபிளையும் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டு ஆரம்பித்தேன். வரவேற்பில் ஒரு நம்பரைக்கூடத் திருத்த முடியவில்லை. தலைமை நர்ஸ் மாடியேறி வந்து, "கீழ கூட்டம் நெரியுது, இங்க என்ன தூக்கமா?" என்று பிடி பிடியென்று பிடித்துவிட்டார். நீதான் வழி சொன்னாய்.

"பூட்ட வேணாம் அத்தான். இப்ப இருக்கறதை வச்சு இன்டெக்ஸைக் கட்டுவோம். நடுவுல மாறுற ரெக்கார்டை எல்லாம் தனியா குறிச்சு வைப்போம். கடைசியில ரெண்டே நிமிஷம் பூட்டி, குறிச்சதைச் சேர்த்துட்டா முடிஞ்சுது."

நீ டீ குடிக்கப் போன நேரத்தில், அவசரக்குடுக்கையான நான் பூட்டவுமில்லை, குறித்ததைச் சேர்க்கவுமில்லை, "ரெடி" என்று கீழே சொல்லிவிட்டேன். அன்று மதியம் இன்டெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஒருவர் தன் மனைவியின் ரெக்கார்டில் புது போன் நம்பரைப் பதியவைத்திருந்தார். சாயங்காலம் போன் செய்து பிரசவம் ஆச்சா என்று கேட்டிருக்கிறார். வரவேற்பில் அந்த நம்பரைத் தட்டிப் பார்த்து, "அப்படி யாரும் இங்க இல்லியே" என்றிருக்கிறார்கள். மனிதர் காலுக்கொரு செருப்பாக ஓடி வந்து, "எம் பொண்டாட்டி எங்கய்யா?" என்று கத்த, அந்த அம்மாள் ஆறாம் அறையில் குழந்தையோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கேட்டபோது, "என் யோசனைதான் சார், தப்பாயிடுச்சு" என்றாய். உன்னை எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளைக்குத் தூக்கியடித்தார்கள். எனக்குப் பதவி உயர்வு. நான் வாயே திறக்கவில்லை. மச்சான், உன் யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. கெடுத்தவன் நான். இருபத்திரண்டு வருடமாக உன் தலையில் கிடக்கும் பழியை இப்போதாவது இறக்கி வை. என்னை மன்னித்துவிடு.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உன் அக்காள் இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "நீங்க குறிச்சதைச் சேர்க்காம விட்டதை அவன் அன்னிக்கே கம்ப்யூட்டர்ல பார்த்துட்டான். அத்தானுக்கு உயர்வு வர்ற நேரம், எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாதக்கான்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுதான் பஸ் ஏறினான்" என்கிறாள். ஆகவே கடிதத்தைக் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். இத்தனை வருடம் திட்டாமல் வைத்திருந்ததை எல்லாம் நேரில் திட்டிவிடு.