கொதிக்கும் தண்ணீரின் உரிமையாளர்

ஜகார்த்தாவிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை, அறிவுச்சொத்து என்று ஒன்று உலகத்தில் இருப்பது சும்பர்ஜாத்தி ஊரில் யாருக்கும் தெரியாது. அறிவு இருந்தது. சிலரிடம் சொத்தும் இருந்தது. இரண்டையும் ஒரே ஆளிடம் யாரும் பார்த்ததில்லை. மக்களின் மூளையில் விளைந்த அனைத்தையும் ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்து சட்டப் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை பணித்தது. எவ்வளவு விளைந்திருக்க வேண்டும் என்ற இலக்கையும் அதுவே குறித்துக் கொடுத்துவிட்டது.

பொறுப்பு ஹெண்டார்த்தோவின் தலையில் விழுந்தது. ஊர்ச் சட்ட இலாகாவில் பிரிவுத் தலைவர், கடமை தவறாதவர். முதல் காரியமாக பேனர் அடித்தார். அடுத்து, பிரிவுக்கென்று தனிச் சீருடை தைத்தார். திட்டத்துக்கு ஏழெட்டுச் சொற்களில் பெயர் சூட்டி, அதை ஒரே சொல்லாகச் சுருக்கினார். சுருக்கத்துக்கு விரிவு என்ன என்று கேட்டவர்களிடம் கோப்பைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். பிறகு விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார். வருகிறவர்களுக்குப் பலகாரப் பெட்டி உண்டு என்று அறிவித்ததால் மண்டபம் கொள்ளாத கூட்டம்.

புட்டு வியாபாரி கஸ்மூரியும் பெட்டிக்காகத்தான் போனார். அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து, நடுவில் வெல்லம் வைத்து அவித்து, தேங்காய்த் துருவலோடு வாழையிலையில் கொடுப்பார். வண்டியிலுள்ள தகரக் கொப்பரையில் தண்ணீர் கொதித்ததும், மூடியில் செருகிய சின்னக் குழாய் வழியே ஆவி பீறிட்டு 'ஊ...' என்று விடாமல் ஊதும். அந்தி நேரத்தில் அது காதில் விழுந்தால் தெருவே தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரும். கஸ்மூரி வாய்விட்டுக் கூவுகிற ஆள் இல்லை, பயங்கரக் கூச்சம். அந்த ஊதல்தான் அவருக்குச் சோறு போட்டது. அவர் அப்பாவின் வண்டியும் இப்படித்தான் ஊதியது, அடுத்த தெருப் புட்டுக்காரர்களின் வண்டிகளும் இப்படித்தான் ஊதின. தண்ணீர் கொதித்தால் ஊதும், அவ்வளவுதான் விஷயம்.

ஜாவாவில் பெரிய மனிதர்களின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். சம்மதம் என்றாலும் 'சரிங்க', சம்மதமில்லை என்றாலும் 'சரிங்க', சொன்னது காதில் விழவில்லை என்றாலும் 'சரிங்க'. எந்தச் சரிங்க எது என்று கேட்பவர்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உத்தியோகத்தில் இருப்பவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. கஸ்மூரியிடம் வேறு பதிலே கிடையாது என்பது அவர் மனைவி லஸ்மியின் நெடுநாளைய புகார். கல்யாணப் பேச்சிலும் இவர் 'சரிங்க' என்றுதான் சொன்னாராம், அது எந்த ரகம் என்று அவளுக்கு இன்னும் தெரியாதாம்.

மேடையில் ஹெண்டார்த்தோ சட்டத்தை விளக்கினார். புத்தகம் எழுதினால் அதற்கு ஓர் உரிமை, கருவி கண்டுபிடித்தால் ஓர் உரிமை, கடைக்குப் பெயர் வைத்தால் ஓர் உரிமை, ஊர் மண்ணில் மட்டும் விளையும் காப்பிக்கொட்டைக்கும் ஓர் உரிமை. இப்போதெல்லாம் சத்தத்துக்குக்கூட உண்டு. பதிவு செய்யாமல் போட்டுவைத்தால் பக்கத்து நாட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய்த் தன் பாட்டன் சொத்து என்று சொல்லிவிடுவான் என்றார். சபைக்கு ரத்தம் கொதித்தது. பதிவு செய்ய யாரிடமும் எதுவும் இல்லை. ஆனாலும் அது திருடு போய்விடக் கூடாது என்பதில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, வாசலில் நிறுத்தியிருந்த கஸ்மூரியின் வண்டி ஊதியது.

ஹெண்டார்த்தோவின் முகம் மலர்ந்தது. கஸ்மூரியை மேடைக்கு அழைத்துப் படிவத்தைப் பிரித்தார்.

"இந்த ஊதல் உங்க சொந்தப் படைப்புன்னு எழுதிக்கிறேன்."

"சரிங்க."

"உங்களுக்கு முன்னாடி உலகத்துல யாரும் இப்படி ஊதினதில்லைன்னும் எழுதிக்கிறேன்."

கஸ்மூரிக்கு அப்பா ஞாபகம் வந்தது. முன்வரிசையில் அடுத்த தெருப் புட்டுக்காரர்கள் இருவரும் பெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ஆனால் பிரிவுத் தலைவர் ஒருவர், புதுச் சீருடையில், அத்தனை பேருக்கு முன்னால் ஆசைப்பட்டுக் கேட்கிறார்.

"சரிங்க," என்றார்.

மூன்றாவது வாரமே முத்திரையும் கண்ணாடிச் சட்டமுமாகச் சான்றிதழ் வீட்டுக்கு வந்தது. சுவரில் மாட்டினார்கள். அடுத்த தெருப் புட்டுக்காரர்கள் இருவரும் வந்து பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, இனி ஊதலாமா கூடாதா என்று கேட்டார்கள். தாராளமாக ஊதிக்கொள்ளுங்கள் என்று கஸ்மூரி காப்பி கொடுத்து அனுப்பினார். இதைக் கேள்விப்பட்ட ஹெண்டார்த்தோ நேரில் வந்து கண்டித்தார். சொத்தைச் சும்மா கொடுத்தால் மதிப்புக் குறையும், மதிப்புக் குறைந்தால் பிரிவின் ஆண்டறிக்கை கெடும் என்றார். கஸ்மூரி அதற்கும் சரிங்க சொன்னார்.

அப்போதுதான் ரெவால்டி என்ற இளைஞன் வந்தான். ஊரின் பெரிய கடைத்தெருவில் காப்பிக் கடை திறந்திருந்தான். பழைய சாமான்களைப் புதிதாகச் செய்வித்து, புதுச் சுவரைச் சுரண்டிப் பழசாக்கி, மங்கலான விளக்குப் போட்ட கடை. ஏழை வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதென்று பணக்காரப் பிள்ளைகள் சொக்கிப்போய், தகரக் குவளையில் காப்பி குடித்தார்கள். ரெவால்டி கஸ்மூரியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தாங்கள் ஒரு பாரம்பரியம் என்றான். தங்கள் ஊதலை உலகத்துக்குக் கொண்டுபோவேன் என்று சொல்லி, ஒரு சட்டைத்துணியும் கொஞ்சம் ரூப்பியாவும் தாம்பாளத்தில் வைத்து, உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டான். லஸ்மி அடுப்படியிலிருந்து சைகை காட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படி மறுப்பது? கஸ்மூரி சரிங்க சொல்லிவிட்டார்.

"அந்த வாயை எனக்குக் கொஞ்ச நாள் கடன் குடுங்க, துவைச்சுக் காயப் போட்டுத் தர்றேன்," என்றாள் லஸ்மி.

பத்து நாள் கழித்து இலாகாவிலிருந்து ஆள் வந்து, கஸ்மூரி அடுத்தவருக்குச் சொந்தமான சத்தத்தை அனுமதியின்றித் தெருத்தெருவாக ஊதிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். இன்னொரு தடவை ஊதினால் வண்டி பறிமுதல். வண்டி போனால் பிழைப்பே போச்சு. கஸ்மூரி நேராக ஹெண்டார்த்தோவிடம் போனார்.

"ஐயா, நான் ஊதலைங்க. தண்ணி கொதிச்சா அதுவா ஊதுது."

"தண்ணி யாருது?"

"என்னுதுங்க."

"அடுப்பு?"

"அதுவும் என்னுதுதாங்க."

"பாருங்க, உங்க தண்ணி உங்க அடுப்புல கொதிச்சு, அடுத்தவர் சொத்தை எடுத்து ஊதுது. தண்ணி மேல நடவடிக்கை எடுக்கச் சட்டத்துல இடமில்ல. அதனால உங்க மேல எடுக்க வேண்டியிருக்கு. எனக்கு மட்டும் சந்தோஷமா?"

"தண்ணி கொதிக்காம புட்டு அவியாதுங்களே."

"அது உணவு இலாகா. எங்ககிட்ட சத்தம் மட்டும்தான்." ஹெண்டார்த்தோ குரலைத் தாழ்த்தினார். "அந்தக் குழாயைத் துணி வச்சு அடைச்சிடுங்க. கொதிக்க வேணாம்னு யார் சொன்னா? வாயை மூடிக்கிட்டுக் கொதிக்கட்டும். ஆபீஸ்ல நாங்க எல்லாரும் அப்படித்தானே இருக்கோம்."

"சரிங்க."

குழாயில் துணி ஏறியது. மூடியைச் சற்றுச் சாய்த்து வைத்து ஆவியை ஓரமாக விட்டபடி கஸ்மூரி தெருவில் போனார். யாரும் வெளியே வரவில்லை. 'புட்டு' என்று கூவிப் பார்த்தார். அது யாரோ கிணற்றில் விழுந்து முனகுவது மாதிரி இருந்தது, ஒருவர் கயிறு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அடுத்த தெருக்காரர்கள் இருவரும் புட்டை விட்டுவிட்டு மோட்டார்சைக்கிள் ஓட்டப் போய்விட்டார்கள். அவித்த புட்டைக் கஸ்மூரியும் லஸ்மியும் காலையிலும் மாலையிலும் தின்றார்கள். ரெவால்டியின் கடையிலோ ஒலிபெருக்கியில் ஊதல் பதிவு ஓயாமல் ஓடியது. அங்கே ஒரு புட்டு, கஸ்மூரியின் முப்பது புட்டு விலை. அது மின்சாரச் சூட்டுப் பெட்டியில் வெந்தது, கொதிக்கிற தண்ணீரையே பார்த்ததில்லை. ஊர் ஜனம் அங்கே வரிசையில் நின்று, கண்ணை மூடி ஊதலைக் கேட்டு, அந்தக் காலம் போய்விட்டதே என்று உருகியது. அடுத்த சந்தில் துணி அடைத்த வண்டியோடு அந்தக் காலம் நின்றுகொண்டிருந்தது. கஸ்மூரிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபம் வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ஆண்டிறுதியில் அறிவுச்சொத்து விழா. ஜகார்த்தாவிலிருந்து தலைமை இயக்குநர் அம்மையார் வந்தார். ஊதலின் ஆதி படைப்பாளி என்று கௌரவிப்பதற்காகக் கஸ்மூரியை வண்டியோடு வரச்சொல்லியிருந்தார்கள். ஊதல், ரெவால்டியின் அனுமதியோடு, ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. வண்டியின் ஆவி பேனர் மேல் அடிப்பதைப் பார்த்து ஹெண்டார்த்தோ பதறினார். மூடியை இறுக்கி, மேலே ஒரு கல்லையும் வைக்கச் சொன்னார்.

"வெடிச்சிடுமுங்க," என்றாள் கூட வந்திருந்த லஸ்மி.

"விழா முடியிற வரைக்கும் வெடிக்கக் கூடாதுன்னு சொல்லிவைம்மா."

கஸ்மூரி சரிங்க சொல்லிக் கல்லை வைத்தார். அம்மையார் சட்டப் பாதுகாப்பின் அவசியம் குறித்துப் பேச ஆரம்பித்த சமயம், கொப்பரை வெடித்தது. கல் கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. ஹெண்டார்த்தோவின் கறுப்புத் தொப்பியில் மட்டும் தேங்காய்த் துருவல் படிந்திருந்தது. அம்மையார் மெதுவாகக் கேட்டார், "இது என்ன சத்தம்?"

ஹெண்டார்த்தோவுக்கு ஆண்டு இலக்கில் இன்னும் ஒரு பதிவு குறைவாக இருந்தது. கை தானாகவே படிவத்தை எடுத்தது.

"கஸ்மூரி, இதுவும் உங்க சொந்தப் படைப்புன்னு எழுதிக்கிறேன்."

சரிங்க என்று வாய்வரை வந்துவிட்டது. கஸ்மூரி உடைந்த கொப்பரையைப் பார்த்தார். லஸ்மியைப் பார்த்தார்.

"இல்லீங்க ஐயா," என்றார். ஊரே திரும்பிப் பார்த்தது. "என் தண்ணி அது பாட்டுக்கு ஊதிக்கிட்டுக் கிடந்துச்சு. அடைக்கச் சொன்னது நீங்க. இறுக்கச் சொன்னது நீங்க, கல்லு வைக்கச் சொன்னதும் நீங்க. அடுத்தவர் படைப்பை நான் எப்படி என்னுதுன்னு சொல்லுவேன்? இது உங்களுதுங்க."

"அப்படியா ஹெண்டார்த்தோ? உங்க படைப்பா?" என்றார் அம்மையார் ஆவலாக.

ஹெண்டார்த்தோவும் அந்த ஊர்க்காரர்தானே. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே எப்படி இல்லை என்பது?

"சரிங்க," என்றார்.

வெடிச்சத்தம் அவர் பெயரில் பதிவானது. மறுநாள் காலை லஸ்மி உடைந்த கொப்பரையைக் கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தாள். உங்கள் சொத்து எங்கள் கொப்பரையை உடைத்துவிட்டது, சொத்து உங்களுடையது என்றால் சேதமும் உங்களுடையதுதானே என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் டயர் வெடித்தவன் நின்றான். அவனுக்குப் பின்னால் எரிவாயு அடுப்பு வெடித்தவள் நின்றாள். வரிசை வாசல் தாண்டித் தெருவுக்குப் போனது. ஹெண்டார்த்தோ சொந்தப் பணத்தில் புதுக் கொப்பரை வாங்கினார். தாமே அதைக் கொண்டுவந்து கொடுத்து, குழாயில் அடைக்க வைத்திருந்த துணியையும் தம் சீருடைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டார். ரெவால்டி ஆட்சேபித்தபோது, இனி எது வெடித்தாலும் செலவு உன்னுடையது என்று எழுதித் தருகிறாயா என்று கேட்டார். அவன் கடைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அன்று அந்தியில் கஸ்மூரியின் வண்டி மறுபடியும் ஊதியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதவுகள் திறந்தன, தட்டுகள் வந்தன. முதலில் வந்தவர் எதிர்வீட்டு வாத்தியார், சிறுவயதிலிருந்து கஸ்மூரியின் அப்பாவிடமே புட்டு வாங்கித் தின்று வளர்ந்தவர். ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் ஊதலைக் கேட்டார்.

"புட்டு பிரமாதம்," என்றார். "ஊதல்தான் சரியில்ல, கஸ்மூரி. அந்தக் காப்பிக் கடையில கேக்கிறது மாதிரி அசலா இல்ல."

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கஸ்மூரி அடுத்த புட்டை இலையில் வைத்து, துருவல் தூவி நீட்டினார்.

"சரிங்க," என்றார்.