அப்பாவுக்குக் கோயமுத்தூர், அம்மாவுக்குச் சென்னை

எனக்கு எதைப் பார்த்தாலும் பயம் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். தெருநாய், பல் டாக்டர், கண்டக்டரிடம் மீதி கேட்பது எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இருபத்தொரு வயதில் பட்ட பயத்துக்கு முன்னால் இதெல்லாம் தூசு.

பி.காம் முடித்ததும் எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிக்க இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தது. ஒன்று கோயமுத்தூர், இன்னொன்று சென்னை. அப்பா திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமிதோறும் வந்து தங்கும் கோயமுத்தூர் கம்பெனி அதிகாரி ஒருவர், அங்கே படித்தால் படிக்கும்போதே வேலை என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தார். அம்மா கீழ்பென்னாத்தூரில் டீச்சர். அம்மாவின் தம்பி, சேகர் மாமா, தாம்பரத்தில் இருந்தார். அவர் வீட்டில் தங்கிப் படித்தால் நான் ஹாஸ்டல் சாப்பாட்டில் இளைக்கமாட்டேன் என்பது அம்மாவின் கணக்கு. (கொஞ்சம் இளைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.)

இரண்டு பல்கலைக்கழகமும் ஒரே வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டன. ஒன்றை ஏற்றால் மற்றதை விட்டுவிட்டதாக எழுதித் தரவேண்டும். அப்பாவுக்குக் கோபம் வந்தால் மாசக்கணக்கில் பேசமாட்டார். அம்மாவுக்குக் கோபம் வந்தால் சாப்பிடாமல் அழுவாள். இந்த இரண்டில் எது பரவாயில்லை என்று மூன்று நாள் யோசித்தேன்.

வியாழக்கிழமை அப்பா கேட்டார். கோயமுத்தூர்தான்பா என்றேன். அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள் என்றும் சொன்னேன். சமையலறைக்குப் போனால் அம்மா கேட்டாள். சென்னைதாம்மா, அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மாலை ஃபோனில் 'ஏற்கிறேன்' என்ற பட்டனை அழுத்தப் போனேன். ஃபோனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மறுபடி எடுத்தபோது சனிக்கிழமை ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. கோயமுத்தூரில் ஊட்டிக் காற்று அடிக்கும் என்று அப்பா கம்பளி வாங்கினார். அம்மா தாம்பரத்துக் கொசுவுக்கு வலை வாங்கினாள். மலையைச் சுற்றினால் தைரியம் வரும் என்று ஒரு விடிகாலையில் கிளம்பினேன். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து எட்டு லிங்கத்திடமும் கேட்டுப் பார்த்ததில், கடைசி லிங்கமான ஈசான்யத்துக்கு வரும்போது காலில் கொப்புளம்தான் வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைத்துப் போக சேகர் மாமா காரோடு வந்து நின்றார். அதே நேரத்தில் அப்பா கோயமுத்தூர் பஸ் டிக்கெட்டோடு உள்ளே நுழைந்தார். எங்கே கிளம்பிட்டீங்க என்று மாமா கேட்க, நீங்க எங்க வந்தீங்க என்று அப்பா கேட்க, அம்மா கையில் கரண்டியோடு வந்தாள். அப்பாவும் அம்மாவும் பத்து நிமிஷம் எனக்காக வாதாடினார்கள். கடைசியில் மாமாதான், எதுக்கு சண்டை, எதை ஏத்துக்கிட்டாள்னு ஃபோன்ல பார்த்துடலாம் என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ரெண்டும் கேன்சல் ஆயிடுச்சு மச்சான். பதிலே போடலயாம்" என்றார் அப்பாவிடம்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்பச் சன்னமாகக் கேட்டார், "ரெண்டுமே இல்லையா?"

அந்த மாசத்தில் அப்பாவும் அம்மாவும் முதல்முறையாக ஒரே கட்சிக்கு வந்தது அப்போதுதான். எதிர்க்கட்சி நான்.

மறுநாள் மாமா இரண்டு இடத்துக்கும் என்னையே ஃபோனில் பேச வைத்தார். கோயமுத்தூரில் முடியாது என்றுவிட்டார்கள். சென்னையில், யாராவது விலகினால் பார்க்கலாம், தாமதத்துக்குக் காரணம் எழுதிக்கொண்டு புதன்கிழமை வாருங்கள் என்றார்கள். என்ன எழுதுவது என்று முழித்தேன். உண்மையை எழுது என்றார் அப்பா. 'எனக்கு என் அப்பா அம்மாவைப் பார்த்துப் பயம்' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் மடித்துக் கொடுத்தார்.

புதன்கிழமை அப்பாவும் நானும் சென்னைக்குப் போனோம். அங்கே இருந்த பேராசிரியை கடிதத்தைப் படித்துவிட்டு, ஒரு இடம் இருப்பதாகவும், சேருவதா இல்லையா என்று இப்போதே சொல்லவேண்டும் என்றும் சொன்னார். பழக்கதோஷத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "நீதானம்மா படிக்கப்போற, நீயே சொல்லு" என்றார்.

சேருகிறேன் என்றேன். என் குரலே எனக்குப் புதிதாகக் கேட்டது.

இப்போது ஒரு வங்கியில் ரிஸ்க் பிரிவில் வேலை. எது எதெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே பயப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போவோம். சர்வர் என் பக்கம் திரும்பி இட்லியா தோசையா என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிடுவார்:

"அவள கேக்காதீங்க தம்பி. ரெண்டுக்கும் சரின்னுட்டு பட்டினியா எழுந்து வந்துடுவா."