வாசல் அதிகாரி அஞ்சுகம்

ஏழு கரைகள் கொண்ட ஒரு நாட்டில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் பானையில் புளியங்கொட்டை போட்டுப் பேரரசரைத் தேர்ந்தெடுத்துவந்தார்கள். அதனால் பேரரசருக்கு மக்கள்மேல் அளவற்ற அன்பு. தேர்தல் நெருங்க நெருங்க அந்த அன்பு பயமாக மாறும்.

அந்த முறை பயத்துக்குக் காரணம் இருந்தது. அரண்மனை அன்னங்கள் அலையில்லாத நீரில் நீந்துவதற்காகத் தென்கரையின் முகத்துவாரத்தை அடைக்க அவர் தீர்மானித்திருந்தார். அடைத்துவிட்டால் படகுகள் கடலுக்குப் போக முடியாது. தென்கரையில் அவருக்குக் கொட்டை விழாது என்பது அன்னங்களுக்கே தெரியும்.

ஆகவே வாக்கின் மாண்பை உயர்த்தும் பொருட்டு, தென்கரையின் வாக்கு மண்டபம் மலையுச்சிக்கு உயர்த்தப்பட்டது. மூச்சு வாங்க வருபவர்கள் நிதானமிழந்தவர்கள், அவர்களை உள்ளே விடலாகாது என்று தலைநகரிலிருந்து அடுத்த ஆலோசனை வந்தது.

மீன் விற்கும் அஞ்சுகம், கணவர் சிங்காரத்தோடு மலையேறினாள். வாசல் அதிகாரி பூவராகனார் கையை நீட்டித் தடுத்தார்.

“அம்மணி, தங்கள் சுவாசம் நெறிமுறைக்கு உட்பட்டதாக இல்லை.”

“மலை ஏறுனா மூச்சு வாங்காம என்னங்கய்யா செய்யும்? செத்த உக்காந்துட்டு வர்றேன்.”

உட்கார்ந்து, மூச்சு அடங்கி வந்தாள். பூவராகனாரிடம் இன்னொரு ஆலோசனையும் இருந்தது. சென்ற தேர்தலுக்குப் பின் முகம் மாறியவர்கள், தாங்கள் அதே ஆள்தான் என்பதற்கு இரண்டு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். சாட்சிகள் இதற்கிடையில் வயதாகாதவர்களாக இருக்க வேண்டும்.

அஞ்சுகம் சிங்காரத்தின் நரைத்த தலையைப் பார்த்தாள். இருவரும் மலையிறங்கினார்கள்.

பேரரசர் வென்றார். முகத்துவாரம் அடைபட்டது. படகு வெயிலில் கிடந்து வெடித்தது. சிங்காரம் அன்னங்களுக்கு இரை போடும் கூலிவேலைக்குப் போனார். வீடு திரும்பினால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார். அதைத்தான் அஞ்சுகத்தால் தாங்க முடியவில்லை. தலைநகருக்குப் போய் மந்திரி முன்னால் நின்றாள்.

“பேரரசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, தாயே” என்றார் மந்திரி. “மண்டபம் எங்கே, வாசல் யாருக்கு என்பதெல்லாம் அந்தந்தக் கரையின் வாசல் அதிகாரி எடுக்கும் முடிவு.”

“அந்த அதிகாரிய யாருங்க வெக்கிறது?”

“நீங்கள்தான். கரைத் தேர்தலில்.” மந்திரி கொட்டாவி விட்டார். “அற்பப் பதவி. யாரும் போட்டியிடுவதில்லை.”

அற்பத் தேர்தல் என்பதால் அதை மலையேற்ற யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. அது சந்தையிலேயே நடந்துவந்தது. அஞ்சுகம் போட்டியிட்டாள். வெறுங்கூடையோடு தெருத்தெருவாகப் போனாள். அரண்மனை ஊழியர்கள் குடியிருந்த மேட்டுத்தெருவையும் விடவில்லை.

“நாங்க பேரரசருக்குத்தான் போடுவோம். எங்களையும் உள்ள விடுவியா?” என்று கேட்டார்கள்.

“நீங்க யாருக்குப் போட்டா எனக்கென்னங்க? வாசலத் தொறக்குறதுதானே என் வேலை.”

ஜெயித்தாள். மண்டபத்தைச் சந்தைக்கு இறக்கினாள். அதைப் பார்த்து, இதேபோல் ஆலோசனைகள் வந்திருந்த மற்றக் கரைகளும் தங்கள் வாசல் அதிகாரிகளை மாற்றின. அடுத்த தேர்தலில் பேரரசர் தோற்றார், முகத்துவாரம் திறந்தது, சிங்காரம் படகுக்குத் தார் பூசினார்.

புதிய பேரரசர் தென்கரை மீனவர்தான். மந்திரி மட்டும் பழைய மந்திரி. மறு தேர்தலன்று காலையில் அவர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

“மேட்டுத்தெருவினர் புதியவர்மேல் அதிருப்தியில் இருக்கிறார்கள். அவர்கள் வரும் நேரத்தில் கதவைச் சற்றே ஒருக்களித்தால்...”

சிங்காரமும் தயங்கினார். “நம்ம ஆளு தோத்துட்டா மறுபடி அடைச்சிருவாங்களோ, அஞ்சுகம்?”

அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது. அவர் பட்டினியோடு படுத்துக் கிடந்ததெல்லாம் கண்முன் வந்தது.

“அடைச்சா போய்க் கேப்போங்க. இவங்கள வெளியில நிறுத்திட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கேக்குறது?”

அதற்குள் மேட்டுத்தெருக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று கதவை அறைந்து சாத்தியது.

“ஐயா, அந்தக் கதவக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்றாள் அஞ்சுகம், மந்திரியிடம்.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டு அங்கவஸ்திரம் காற்றில் படபடக்க, மந்திரி இரண்டு கைகளாலும் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். மேட்டுத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். போகும்போது, “மகராசனா இருங்கய்யா” என்று அவரை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.