புத்தி சொல்கிற உத்தியோகம்

பொருளாதாரத்தை மேஜர் பாடமாக எடுக்கும்படி அருண்பாண்டி அறிவுரை சொல்லி அனுப்பிய பிள்ளைகளில் ஒருவர்கூட அந்தத் துறையின் வாசலை மிதிக்கவில்லை. இதைச் சொல்வதற்காகத் துறைத் தலைவர் வெங்கிடராமனே மூச்சிரைக்க மாடியேறி வந்திருந்தார்.

"நீ நெஜமாவே அனுப்பினியா, இல்ல அனுப்பறதா சொப்பனம் கண்டியா?"

அருண்பாண்டியிடம் இப்படிக் கேட்பதில் நியாயம் இருந்தது. அவன் பிறந்து வளர்ந்தது கொச்சியில், கொச்சங்காடியில். ஆனால் மனதளவில் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு நாவல்களில் வசித்துவந்தான். பனியை அவன் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பனியில் சிக்கிய குதிரை வண்டியை எப்படி மீட்பது என்று கேட்டால் சொல்வான். எர்ணாகுளத்துக்குப் போகும் பஸ் எது என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் மட்டாஞ்சேரியில் ஒரு சின்னக் கல்லூரி அகாடமிக் அட்வைசர் வேலை கொடுத்திருந்தது. பழைய சுக்குக் கிடங்கு ஒன்றைக் கல்லூரியாக்கியிருந்தார்கள். முதல் வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பிள்ளைகள் மேஜரை மாற்றிக்கொள்ளலாம் என்று புது விதி. எதை எடுப்பது, எதை விடுவது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். "எம்மவனுக்குப் புத்தி சொல்ற உத்தியோகம்" என்று அவன் அம்மா பாக்கியலக்ஷ்மி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்டவர்கள் யாரும் அதை உடனே நம்பவில்லை.

"நேக்குப் பதினஞ்சு பிள்ளேள் வேணும், கேட்டியோ?" என்றார் வெங்கிடராமன். "இல்லேன்னா என் டிபார்ட்மெண்டை மூடிடுவா. அதுக்கு முன்னாடி உன் ரூமை மூடச் சொல்லிட்டுத்தான் நான் போவேன்."

சொல்லிவிட்டு இரண்டு முறை தும்மினார். அந்த அறையில் சுக்கு வாசனை இன்னும் போகவில்லை.

அருண்பாண்டி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தான். அவனுடையது வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை. இந்த வருஷம் முடிய அதிக நாள் இல்லை. வேலை போனால் எர்ணாகுளம் மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் அக்கா புருஷன் செல்லதுரையிடம்தான் போயாக வேண்டும். செல்லதுரை வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் விரல்களை உற்றுப் பார்த்து, "வெங்காயம் தரம் பிரிக்க நல்ல விரலு மாப்ளே" என்பார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

முதலில் சங்கரியின் விஷயத்தை யோசித்துப் பார்த்தான். அவள்தான் முதன்முதலில் அவன் அறைக்கு வந்த பெண். பொருளாதாரமா, உளவியலா என்று குழம்பிப்போயிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், கடைசி அத்தியாயத்தில் பூர்வீகப் பண்ணையை மீட்டெடுக்கும் ஒரு நாவல் நாயகியின் ஞாபகம் அவனுக்கு வந்தது. பண்ணையை மீட்க வேண்டுமென்றால் பொருளாதாரம்தானே வேண்டும்? அதையே சொன்னான்.

"நிச்சயமா சாரே?"

"நிச்சயமா."

"கொஞ்சம்கூட சம்சயம் இல்லல்லோ?"

"இல்லம்மா."

பெரிய பாரம் இறங்கியதுபோல் அவள் மூச்சு விட்டாள். நேராகக் கீழே போய் உளவியலில் சேர்ந்தாள். சில வாரங்களில் அந்த வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸுடன் வந்து, "சாராலதான் எனக்கு ஒரு தெளிவு கிடைச்சது" என்றாள்.

தான் சொன்னது வேறு என்று அருண்பாண்டிக்கு லேசாக ஞாபகம் இருந்தது. ஆனால் சிப்ஸ் சூடாக இருந்தது. தவிர, உயர்ந்த இலக்கியத்தில் சொன்ன வார்த்தையைவிடச் சொல்லாத வார்த்தைதான் முக்கியம். தன் பேச்சிலும் அப்படி ஏதோ ஒரு ஆழம் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது வெங்கிடராமன் வந்துவிட்டுப் போன பிறகு அவனுக்குத் தோன்றியது, ஆழம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதென்று. இனி உடைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுநாள் சஜி வந்தான். அவனிடம் பொருளாதாரத்தின் மேன்மையைப் பற்றி அருண்பாண்டி தொண்டை வறளப் பேசினான். பஞ்சங்கள், பட்டு வியாபாரம், திவாலான பிரபுக் குடும்பங்கள் என்று ஒன்றையும் விடவில்லை. சஜி கண் இமைக்காமல் கேட்டான். முடிவில் எழுந்து, "இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் கேட்க வேண்டியதில்ல சாரே" என்று தழுதழுத்த குரலில் சொல்லிவிட்டுப் போய் வரலாற்றில் சேர்ந்தான்.

அருண்பாண்டி இன்னும் உரக்கப் பேசினான். பொருளாதாரம் படிக்காதவனுக்கு வாழ்க்கையே இல்லை என்றுகூட ஒரு பெண்ணிடம் சொன்னான். அவள் இந்தி எடுத்தாள். ஆனால் ஒன்று, கூட்டம் பெருகியது. அவன் அறை வாசலில் தொடங்கிய வரிசை மாடிப்படி இறங்கி, வாசலைத் தாண்டி, பஜார் தெரு வரைக்கும் நீண்டது. அரிசி மூட்டை ஏற்றிய கைவண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தி, இங்கே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

வரிசையை ஜன்னல் வழியே பார்த்தபோது அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை பேர் தன்னை நம்புகிறார்கள். ஆனால் இத்தனை பேரும் எங்கே போய்ச் சேர்கிறார்கள்?

பெற்றோர் வழியாகப் போனால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. மஞ்சுஷா என்ற மாணவியின் அப்பா பிச்சைமணி, கொச்சங்காடியிலேயே சாயாக்கடை வைத்திருந்தார். அங்கே போய், மகளைப் பொருளாதாரத்தில் சேர்க்கும்படி வற்புறுத்தினான். பிச்சைமணி மரியாதையாக எழுந்து நின்று கேட்டார். சாயாவுக்குக் காசு வாங்க மறுத்தார். பிறகு மெல்ல அவன் காதருகே குனிந்து, பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்துக் கடையை ஹோட்டலாக்கலாமா என்று கேட்டார். தாராளமாகச் செய்யுங்கள், வாழ்க்கையில் துணிவு வேண்டும் என்றான் அருண்பாண்டி. பிச்சைமணியின் முகம் தெளிந்தது. ஹோட்டல் வரவில்லை. அந்த வாரத்திலிருந்து வரிசையில் பெற்றோரும் நிற்க ஆரம்பித்தார்கள்.

சத்தமாகச் சொல்வதுதான் தப்பு என்று கடைசியில் முடிவுக்கு வந்தான். ஒரு பக்கமும் சாயாமல் பேசுவோம், அவர்களே யோசித்துப் பொருளாதாரத்துக்கு வரட்டும். அன்று மஞ்சுஷா வந்தாள். பொருளாதாரமும் நல்லது, தத்துவமும் நல்லது, மனம் சொல்வதைக் கேள் என்றான்.

மஞ்சுஷாவின் கண்களில் நீர் திரண்டது.

"சாரே, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் நல்லதுன்னு சொன்னா நான் என்ன செய்வேன்?"

"நீயே யோசிச்சு..."

"எனக்கு யோசிக்கத் தெரிஞ்சா இவ்வளவு நேரம் வெயில்ல நின்னிருப்பேனா? சார் வாயால ஒண்ணு சொன்னாத்தான் நான் போவேன்."

வெளியே வரிசையில் ஒரு சலசலப்பு எழுந்தது. சார் இன்று எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறாராம் என்று செய்தி படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு அப்பா, லீவு போட்டுவிட்டு வந்திருப்பதாகக் கீழேயிருந்து முறையிட்டார். அருண்பாண்டியின் நெஞ்சு நெகிழ்ந்தது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு இவ்வளவு தேவைப்பட முடியுமா?

"சரிம்மா, பொருளாதாரமே எடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைகூப்பிவிட்டு, தத்துவத் துறைக்கு ஓடினாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஏற்கெனவே பொருளாதாரத்தில் இருந்த பிள்ளைகளும் வந்தார்கள். நாங்கள் அங்கேயே இருக்கலாமா என்று கேட்டார்கள். கண்டிப்பாக இருங்கள், உயிரே போனாலும் அசையாதீர்கள் என்று மேஜையைத் தட்டிச் சொன்னான். வார இறுதியில் வெங்கிடராமனின் வகுப்பில் ஒரே ஒரு பையன் மிச்சமிருந்தான். அவனுக்குக் காலில் கட்டு. மாடியேற முடியாது.

வெங்கிடராமன் இந்த முறை அவனைப் பார்க்க வரவில்லை. நேராக முதல்வர் ஸுப்ரியாவின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தும் அவர் குரல் மூன்று வகுப்புகளுக்குக் கேட்டது.

அன்று மதியம் வரிசையில் ஒரே அமைதி. அருண்பாண்டி எட்டிப் பார்த்தான். பிள்ளைகளுக்கு நடுவே முதல்வர் ஸுப்ரியா நின்றுகொண்டிருந்தார். யாரோ வழிவிட்டபோதும், முறை வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அருண்பாண்டி, இந்த அட்வைசர் போஸ்ட் அடுத்த வருஷம் வேணுமா, வேண்டாமா? எனக்கு ஒரு தீர்மானத்துக்கு வர முடியலை. நிங்ஙள் என்ன நினைக்கறீங்க?"

வேண்டும் மேடம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து அவன் படித்த நாவல்களின் நாயகர்களெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒருவன் சொத்தை விட்டுக் கொடுத்தான். இன்னொருவன் காதலியை விட்டுக் கொடுத்தான். ஒருவன்கூடத் தன் சம்பளத்துக்காகக் கெஞ்சவில்லை.

"வேண்டாம் மேடம்," என்றான். "பிள்ளைகளுக்குத் தங்கள் வழி தெரியும். இந்த அறை வீண்."

"நிச்சயமா?"

"நிச்சயமா மேடம்."

"கொஞ்சம்கூட சம்சயம் இல்லல்லோ?"

"இல்ல மேடம்."

அவர் பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டு எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் நாயகர்களெல்லாம் கலைந்துபோனார்கள். அருண்பாண்டி மட்டும் சம்பளமில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவர்களில் எவனுக்கும் பாக்கியலக்ஷ்மி மாதிரி ஒரு அம்மா இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று மாலையே படகேறி எர்ணாகுளம் போனான். செல்லதுரை காரணம் எதுவும் கேட்கவில்லை. ஒரு சாக்கைக் காலியாக்கி அவனுக்கு இருக்கையாகப் போட்டார்.

"அழுதா யாரும் கேக்க மாட்டாங்க மாப்ளே. வெங்காயம்னு நெனச்சுக்குவாங்க."

மறுநாள் அறையைக் காலி செய்யக் கல்லூரிக்குப் போனான். மேஜைமேல் முதல்வரின் கையெழுத்துடன் ஓர் உத்தரவு இருந்தது. அவன் வேலை நிரந்தரமாக்கப்பட்டிருந்தது. கீழ்த்தளத்தில் பெரிய அறை. இரண்டு மின்விசிறி.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். தன்னலமில்லாத ஒரு சொல் ஒரு கல்லூரி முதல்வரையே அசைத்துவிட்டது. நாவல்கள் பொய் சொல்வதில்லை. செல்லதுரைக்குப் போன் செய்து, சாக்கை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கம்பீரமாகச் சொன்னான்.

புது அறையில் உட்கார்ந்ததும் முதல் ஆளாக உள்ளே வந்தவள் மாதுரி. புதிதாகச் சேர்ந்த பெண். பயத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அருண்பாண்டி அன்போடு அவளை உட்காரச் சொன்னான். இவ்வளவு பேர் இருக்கும்போது என்னிடம் வர வேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலை அனுபவிப்பதற்காக நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

மாதுரி கபடமில்லாமல் சொன்னாள்:

"சங்கரி சேச்சி சொன்னாங்க சார், நீங்க சொல்றதக் கேட்டுட்டு அப்படியே நேர்மாறா செஞ்சா ஒருக்காலும் தப்பாதாம், பிரின்சிப்பல் மேடமே உங்கள வச்சுக்கலாமா வேண்டாமான்னு உங்ககிட்டயே கேட்டுத்தான் முடிவு பண்ணாங்களாமே?"