துரை யார் பக்கம்

இனிமேல் ஒரு நாள்கூட விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பதில்லை என்று தையல்காரர் முடிவு கட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொந்தமாக எடுத்த பெரிய முடிவு இதுதான். மற்ற முடிவுகளை எல்லாம் மனைவி எடுத்துவிட்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு அவரை எழுப்புவது துரை. துரை என்றால் மனிதன் இல்லை, நாய். பழுப்பு நிறம், ஆள் இடுப்பளவு உயரம். குட்டியாக அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இரண்டு கருத்து உண்டு. மணி ஐந்தடித்தால் கட்டிலருகே வந்து போர்வையைக் கடித்து இழுக்கும். நாலு தெரு சுற்றிவிட்டு வந்தால்தான் அடங்கும். ஒருநாள் அவர், ஒருநாள் அவள் என்று முறை வைத்திருந்தார்கள். அவர் முறையன்று மட்டும் அவருக்கு முதுகுவலி வந்தது. எட்டு மணிக்குத் தானாகப் போய்விடும்.

ஒருநாள் மனைவி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"ஏங்க, இது யார் நாய்?"

"உன் நாய்தான். உன்னைக் கண்டாத்தானே வாலாட்டுது."

"என்னைக் கண்டா வாலாட்டுது. உங்களைக் கண்டா விழுந்து புரளுது. இப்ப சொல்லுங்க, யார் நாய்?"

பேச்சு ஒரு வாரம் ஓடியது. அப்போதுதான் தொலைக்காட்சியில் 'யாருக்கு வாலாட்டம்' நிகழ்ச்சிக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. வளர்ப்புப் பிராணியோடு வீட்டுக்காரர்கள் இருவர் வரவேண்டும். கடைசிச் சுற்றில் இருவரும் ஆளுக்கொரு வட்டத்துக்குள் நின்று கூப்பிட வேண்டும். யார் வட்டத்துக்குள் போகிறதோ அவர்தான் எஜமான். போட்டிக்கு வருகிறவர்கள் எல்லாம் பிராணி தங்களிடம் வரவேண்டும் என்று தவம் கிடப்பார்கள். இந்த வீட்டிலிருந்து மட்டும்தான் இரண்டு பேர் அது தன்னிடம் வந்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு விண்ணப்பம் போட்டார்கள்.

ஏனென்றால் ஒப்பந்தம் அப்படி. துரை யாரிடம் போகிறதோ அவர் ஆயுள் முழுக்க ஐந்து மணிக்கு எழ வேண்டும். மற்றவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் சாட்சி. அவர் இருவரையும் இரண்டு தடவை சொல்லவைத்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வாத்தியார் முன்னால் சொன்னதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் பின்வாங்கியது கிடையாது.

தையல்காரர் யோசித்தார். யோசித்தது தொழில்ரீதியாகத்தான். மனைவிக்கு ஒரு புது உடுப்பு தைத்துத் தருவதாகச் சொன்னார். டிவியில் வரும்போது பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று அக்கறையாகக் கேட்டார். அவர்கள் தையல்கடையில் வெட்டுவதும் மிஷின் ஓட்டுவதும் அவர் வேலை. பொத்தான் வைப்பது, காஜா எடுப்பது, அடிமடிப்பைக் கையால் தைப்பது எல்லாம் மனைவி வேலை. இந்த உடுப்புக்கு மட்டும் நீ கையையே வைக்கக் கூடாது, எல்லாம் நானே தைக்கிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் ஒரு விநாடி அவரைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள்.

துரைக்கு ஈரல் என்றால் உயிர். காய்ந்த ஈரலைத் தீக்குச்சி அளவுக்குக் கீறி, ஒரு டஜன் துண்டுகளை அந்த உடுப்பின் அடிமடிப்பு நெடுக வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையாலேயே தைத்து மூடினார். புதன்கிழமை வேலை முடிந்தது. மனைவி போட்டுப் பார்த்துவிட்டு அளவு கச்சிதம் என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று மத்தியானமே ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் பார்த்தார் தையல்காரர். வரப்போகும் தூக்கத்துக்கு ஒத்திகை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட இரண்டு வட்டங்கள். ஒன்றில் புது உடுப்போடு மனைவி, இன்னொன்றில் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டோடு அவர். முன்வரிசையில் வாத்தியார். நிகழ்ச்சி நடத்தும் பெண் விதியைச் சொன்னாள். ஒரு நிமிடம்தான். வட்டத்தை விட்டு வெளியே வந்தால் தோல்வி. இருவர் உடையிலும் மைக் குத்தியிருந்ததால் நாயை வாய்விட்டு விரட்டவும் வழியில்லை.

நடுவில் துரையை அவிழ்த்துவிட்டார்கள். அது உட்கார்ந்து காதைச் சொறிந்தது.

"வாடா துரை, வாடா கண்ணு," என்றாள் மனைவி. குரலில் தேன் ஒழுகியது.

அவரும் கூப்பிட்டார். தைக்காத துணியைக் கேட்டு வருகிறவர்களிடம் நாளைக்கு வாங்க என்று சொல்லும் அதே குரலில் கூப்பிட்டார். வாய் வா என்றது, கண் போ என்றது.

முப்பது விநாடி போயிற்று. துரை எழுந்தது. மனைவி பக்கம் ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி வைத்தது. அவருக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. மீதிப் பாதி ஏனோ வரவில்லை. மூன்று வருடம் சோறு போட்டிருக்கிறோம், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்று நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அப்படித் தோன்றியதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

பதினைந்து விநாடி பாக்கி. துரை நின்றது. மூக்கைத் தூக்கியது. திரும்பியது. ஒரே பாய்ச்சலில் அவர் வட்டத்துக்குள் வந்து விழுந்து, கோட்டுக்குள் மூக்கை விட்டுத் துழாவியது.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தையல்காரருக்குப் பொறி தட்டியது. கோட்டு. இன்று காலை இஸ்திரி போட்டது யார்? மனைவி. மாற்றி வைத்துவிட்டாள். எல்லாத் துண்டும் இதற்குள்ளேதான் இருக்கிறது.

"செல்லாது, இது மோசடி," என்றார். பையிலிருந்து நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார். கல்யாணக் கோட்டை, தன் கையாலேயே தைத்த கோட்டை, நாடே பார்க்க உள்துணியோடு கிழித்தார். அடிமடிப்பைப் பிரித்தார். கைமடிப்பைப் பிரித்தார். காலரையும் விடவில்லை. ஒன்றும் இல்லை.

"என்ன சார் தேடுறீங்க?" என்று நிகழ்ச்சிப் பெண் மைக்கை நீட்டினாள்.

"ஈரல்," என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் உருண்டு சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை, நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மனைவி இரண்டு கையையும் கூப்பி, எங்க வீட்டு எஜமான் அவர்தான் என்று அடக்கமாகச் சொன்னாள்.

திரும்பும்போது வாடகை வண்டியில் முன்சீட்டில் வாத்தியார், பின்சீட்டில் இவர்கள், நடுவில் துரை. பாதி வழியில் தையல்காரர் அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"உன் மடிப்புல இருந்தது எங்கே போச்சு?"

"புதன்கிழமையே பிரிச்சு எடுத்துட்டேன். இந்தக் கடையில இத்தனை வருஷமா மடிப்புத் தைக்கிறது நான். அடுத்த கை குத்துன ஊசி எனக்குத் தெரியாதா?"

அவர் குனிந்து பார்த்தார். கந்தலாகிக் கிடந்த கோட்டின்மேல் துரை தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. அவள் மடிப்பிலும் இல்லை, இவர் கோட்டிலும் இல்லை. அப்படியானால் அது தானாகத்தானே தேடி வந்திருக்கிறது? தூக்கம் என்ன பெரிய தூக்கம் என்று தோன்றியது.

"ஈரலே இல்லாம என்கிட்ட வந்திருக்கு பாரு. இதுக்குப் பேர்தான் பாசம். இனிமே அஞ்சு மணி என்ன, நாலரைக்கே எழுந்திரிச்சுக் கூட்டிட்டுப் போவேன்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

"எடுத்த ஈரலை நாலு நாளா உங்க அழுக்குச் சட்டையை விரிச்சு, அதுமேல வச்சுத்தான் அதுக்குத் தின்னக் கொடுத்தேன். வாத்தியாரே, நாலரைன்னாரு, குறிச்சுக்கிட்டீங்கல்ல?"